கைக்குள் இன்னொரு இரைச்சல்

காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கும் முன்னால், செந்தமிழன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காதில் வைத்துக்கொள்வார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு ரத்தக்குழாய்களை அறுத்து ஒன்றாக இணைத்திருப்பார்கள். பிஸ்டுலா என்று பெயர். ஊசி குத்துவது அந்தக் கையில்தான். அது வேலை செய்கிறவரை உள்ளே ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், மதகு திறந்த வாய்க்கால் மாதிரி. இரைச்சல் நின்றுவிட்டால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அன்றைக்கு இரைச்சல் நிற்கவில்லை. இரண்டாகக் கேட்டது.

ஒன்று நெஞ்சோடு சேர்ந்து வந்தது, அது அவருடையது. இன்னொன்று கொஞ்சம் பின்னால், மெலிசாக, அவசரமில்லாமல் வந்தது. அவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். தன்னுடையது தடுமாறியது. பின்னால் வந்தது தடுமாறவில்லை. கையை உதறிவிட்டு மறுபடி வைத்தார், அப்போதும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அம்மா மண்டபம் ரோட்டில் ஐப்பசி மழை சொட்டிக்கொண்டிருந்தது. காவிரியில் இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மழைச் சத்தம்தான் காதைக் குழப்புகிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"என்னங்க, கையைக் காதுலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? வலிக்குதா?" என்றாள் இளவேனில், காபியோடு வந்தவள்.

"ஒண்ணுமில்ல."

"இன்னிக்கு டயாலிசிஸ் முடிஞ்சதும் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துடுங்க. அது மட்டும் நல்லபடியா வந்துட்டா போதும். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

அலமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை அவள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தாள். தீபாவளி கழிந்ததும் சென்னை. அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருக்கு வைக்கப்போகிறார்கள். பொருத்தம் எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அவர் ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருக்கக் கூடாது. இருந்தால் கத்தியைத் தொடமாட்டேன் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கிருமி அவருக்கு இரண்டு தடவை வந்துவிட்டது. முதல் தடவை, பிஸ்டுலா ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தின் மேல் பழி போட்டார். மூன்று மாதம் மாத்திரை, கிருமி போயே போய்விட்டது. இரண்டாவது தடவை பழி போட ஆள் கிடைக்கவில்லை. டாக்டர் போனில் கேட்டார்: "இது பழைய கிருமி திரும்பினது இல்ல சார். வேற வகை. யாரோ ஒருத்தர்கிட்டேருந்து புதுசா வந்திருக்கு. உங்க மெஷின்ல வேற யாரு உட்கார்றாங்க?"

"நான் மட்டும்தான்," என்றார் செந்தமிழன். அது உண்மை. அந்த மெஷின் அவருடையது, அந்த அறை அவருடையது, உறையூரில் இருந்த அந்த டயாலிசிஸ் சென்டரே அவருடையது.

தனக்கென்று வரும்போது மனுஷனுக்கு எவ்வளவு அறிவு வந்துவிடுகிறது என்பதைச் செந்தமிழனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அவருக்குப் புது மெஷின். ஒவ்வொரு தடவையும் புது டியூப், புது பில்டர். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெப்பாரின் மருந்தின் சீலை அவர் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். டெக்னீஷியன் ஸ்தனிஸ்லாஸ் கையுறையைக்கூட அவர் எதிரில்தான் மாட்ட வேண்டும். இத்தனையும் செய்தும் இரண்டாவது தடவை வந்தது. மறுபடி மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, மறுபடி சுத்தமாகி, இன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. காபி ஆறிப்போயிற்று. அவர் குடிக்கவில்லை, கை மடியில் கிடந்து இரண்டு குரலில் இரைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீரைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அது மேற்கே முசிறியைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர். முசிறி என்று நினைத்ததுமே, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியும், சந்திரம்மாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள்.

முசிறிக்குப் பக்கத்தில் வாழை போட்டிருந்த தங்கையனின் மனைவி. வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலை பஸ் பிடித்து அவர் சென்டருக்கு டயாலிசிஸுக்கு வருவாள். மதியத்துக்குத் தணலில் வாட்டிய வாழையிலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு வருவாள். பிரித்தால் பிளீச்சிங் நெடியையும் மீறி அந்த வாட்டிய இலை வாசம் அறை முழுக்க நிற்கும். முன்கையில் கைத்தடி மொத்தத்துக்குப் புடைத்த பிஸ்டுலா, பச்சைக் கண்ணாடி வளையல். மெஷினில் படுத்துக்கொண்டே மணிக்கட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "எங்க வாய்க்கால்ல தண்ணி வர்ற சத்தமுங்க" என்று சிரிப்பாள். கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும், துடைப்பக்காரியிடம்கூட, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

சி கிருமி உள்ளவர்களுக்கு மூலையில் தனி அறை. அவளுக்கும் அந்த நோய் இருந்ததால் அங்கேதான் படுக்கை. மாத்திரை சாப்பிட்டாள், சரியாகிவிட்டது. தம்பி சிறுநீரகம் தர ஒத்துக்கொண்டான். அன்றைக்கு ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்து செந்தமிழன் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"எனக்குத்தான் சுத்தமாயிடுச்சேங்க ஐயா. என்னைய அந்தப் பெரிய ரூமுக்கு மாத்திவிட்டுடுங்க. ஆபரேஷன் வரைக்குந்தான்."

அவர் மாற்றவில்லை. மூலை அறைக்காரி ஹாலுக்கு வந்தால் ஹாலில் இருப்பவர்கள் வேறு சென்டருக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தார். "அங்கேயே இரும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். மூலை அறையில் ஒரு வழக்கம் இருந்தது, அவரே ஏற்படுத்தியது: எல்லாருக்கும் ஒரே ஹெப்பாரின் பாட்டில். எல்லாருக்கும் ஒரே நோய்தானே, ஒருத்தர் ரத்தம் பட்ட ஊசி அந்தப் பாட்டிலுக்குள் போனால் என்ன ஆகிவிடப்போகிறது என்பது அவர் கணக்கு. நோய் இல்லாத ஒருத்தி அந்த அறையில் படுத்திருக்கிறாள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மையா இது, ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதற்கு? இது சுத்தமான ரத்தத்தில்தான் புதிதாக வந்து உட்காரும். தெரிந்தேதான் அவர் பேசாமல் இருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனையில் அவளுக்கு மறுபடி கிருமி. ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. தம்பி மனம் மாறிவிட்டான். அவள் மறுபடி வந்து அதே மேஜைக்கு முன்னால் நின்றபோது செந்தமிழன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அதான் மாத்திரை இருக்குல்லம்மா. சாப்பிடு, சரியாயிடும்."

அவள் அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் ஒரு நாளு இப்படிப் படுப்பீங்க. நீங்களும் சுத்தமாவீங்க. அப்ப வரேன்."

பங்குனியில் செத்துப்போனாள். சாம்பலை முசிறியிலேயே ஆற்றில் விட்டதாகத் தங்கையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வருடமே செந்தமிழனுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் போயிற்று. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நிற்கக்கூட அதற்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. மூலை அறையை மூடி, டைல்ஸ் ஒட்டி, ஏ.சி. வைத்துத் தனக்கென்று ஆக்கிக்கொண்டார். வேறு அறை காலி இல்லை. அந்தச் சுவரை மூன்று தடவை வெள்ளையடித்தாயிற்று, இனி அங்கே என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தார்.

சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. மழை வலுத்திருந்தது. ஹாலில் இரண்டு பேர் மெஷினில் படுத்திருந்தார்கள், நர்ஸ் லூர்துராணி அவர்களுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்கு அவளும் ஸ்தனிஸ்லாஸும் மட்டும்தான். மற்றவர்களைச் செந்தமிழன்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

மூலை அறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசம்.

வாட்டிய வாழையிலை.

"யாரு இங்க சாப்பிட்டது?"

"யாரும் இல்லையே சார்," என்றான் ஸ்தனிஸ்லாஸ். மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "பிளீச்சிங் வாசம்தான் வருது."

செந்தமிழன் படுத்துக்கொண்டார். இடது கையைப் பலகையில் நீட்டி, ஆடாமல் இருக்கத் துணியால் கட்டினான் ஸ்தனிஸ்லாஸ். அந்தத் துணிக்கட்டும் செந்தமிழன் கொண்டுவந்த ஏற்பாடுதான். சீல் உடைபடுவதைப் பார்த்தார். டியூப் உறை கிழிபடுவதைப் பார்த்தார். எல்லாம் புதியது, எல்லாம் சுத்தம். இரண்டு ஊசிகளும் ஏறின. சிவப்பு முனை டியூபில் ரத்தம் வெளியே கிளம்பி, வட்டமாகச் சுற்றும் பம்புக்குள் போய், பில்டரில் இறங்கி, நீல முனை டியூப் வழியாகத் திரும்பிக் கைக்குள் வந்தது. பம்பு சுற்றும் சத்தம், ஏ.சி.யின் உறுமல், ஜன்னல் தகரத்தில் மழை, ஹாலில் யாரோ இருமுவது, எல்லாம் வழக்கமாகக் கேட்பவைதான். அவற்றுக்கு அடியில், கட்டிப்போட்ட கைக்குள்ளிருந்து, எலும்பு வழியாக ஏறித் தோளுக்கு வந்து, இரண்டாவது இரைச்சலும் கேட்டது.

"ஸ்தனிஸ், என் பிஸ்டுலாவுல ஸ்டெத் வச்சுக் கேளு."

அவன் வைத்தான். கேட்டான். ஸ்டெதஸ்கோப்பை நகர்த்தி மறுபடி கேட்டான். "நல்லா ஓடுது சார்," என்றான். "ஆனா..."

"என்ன ஆனா?"

"ஒண்ணுமில்ல சார். என் காதுலதான் ஏதோ. ரெண்டு பேருது மாதிரி கேக்குது."

அப்போது கரண்ட் போயிற்று.

யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சிட்டுவிட்டு அணைந்தது. மெஷினின் பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் ஒரே நீளமாக அலறி ஓய்ந்தது. புது பேட்டரி போட வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லிக்கொண்டேதான் இருந்தான், செந்தமிழன்தான் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். பம்பு நின்றது. டியூபில் ரத்தம் அப்படியே நின்றது. நின்றால் உறைந்துவிடும். கரண்ட் இல்லாதபோது பம்பின் நடுவிலுள்ள கைப்பிடியை விரித்து, கிணற்று ராட்டினத்தைச் சுற்றுவது போல ஒரு ஆள் நின்று கையால் சுற்ற வேண்டும்.

"ஜெனரேட்டர் ஏன் எடுக்கலன்னு பாத்துட்டு வந்துடறேன் சார். லூர்து அக்காவை அனுப்புறேன், அதுவரைக்கும் அவங்க சுத்துவாங்க," என்று சொல்லிக்கொண்டே ஸ்தனிஸ்லாஸ் செல்போன் வெளிச்சத்தோடு ஓடினான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. வெளிச்சமும் அவனோடு போய்விட்டது.

இருட்டு. மழை. ஏ.சி. நின்றதால் அறை மூச்சு முட்ட ஆரம்பித்தது. வாட்டிய இலை வாசம் இப்போது கனமாக, ஈரமாக, யாரோ முகத்துக்கு நேராகப் பொட்டலத்தைப் பிரித்தது போல வந்தது. அதோடு ஆற்று மண் வாசமும் கலந்திருந்தது. செந்தமிழனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வாய்விட்டு யாரையாவது கூப்பிடலாம் என்று நினைத்தார், முதலாளி இருட்டுக்குப் பயந்து கத்தினார் என்று நாளைக்குச் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பம்பு சுற்ற ஆரம்பித்தது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. சீராக, அவசரமில்லாமல். கையில் ரத்தம் இழுபடுவதும் திரும்பி வருவதும் தெரிந்தது. அவருக்குப் பாதி உயிர் வந்தது.

"வந்துட்டியா லூர்து. நல்லவேளை. மெதுவா சுத்து, வேகமா வேண்டாம்."

பம்பு சுற்றியது. சுற்றும்போது ஏதோ லேசாக உரசியது. கண்ணாடி கண்ணாடியில் உரசுவது போல.

வளையல்.

லூர்துராணி வளையல் போடுவதில்லை. டியூட்டியில் யாரும் வளையல் போடக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

மார்பின் மேல் கிடந்த செல்போன் அடித்தது. வலது கையால் தடவி எடுத்தார். பச்சை பட்டனை விரல் தானாக அழுத்தியது.

"சார், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல, மழைத்தண்ணி உள்ள போயிருக்கு. கொஞ்ச நேரம் ஆகும். அக்கா வந்துட்டாங்களா? பம்ப் ஓடுதா?"

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலிலிருந்து, லூர்துராணி கீழே படியை நோக்கிக் கத்தும் குரல் கேட்டது. "ஸ்தனிஸ் தம்பி, இங்க ரெண்டு பேருக்கும் நான் ஒருத்திதான் மாத்தி மாத்தி சுத்துறேன். இவங்களை விட்டுட்டு சாருக்கு எப்படி வர்றது?"

செந்தமிழன் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார்.

பம்பு சுற்றியது.

செல்போனைத் திருப்பினார். திரையின் வெளிச்சம் முதலில் தன் கையில் விழுந்தது. பலகை. துணிக்கட்டு. இரண்டு ஊசி. சிவப்பு டியூப் ஊசியிலிருந்து கிளம்பிப் பம்புக்குப் போயிற்று. சரியாகத்தான் போயிற்று. நீல டியூப். அதைத் தொடர்ந்து வெளிச்சத்தை நகர்த்தினார். அது மெஷினிலிருந்து வரவில்லை. பில்டரை விட்டு விலகி, கட்டிலின் ஓரமாகத் தாழ்ந்து, அந்தப் பக்கம் போயிற்று. காலியாக இருக்க வேண்டிய பக்கம். சந்திரம்மாளின் படுக்கை இருந்த பக்கம்.

பார்க்காதே என்று மனசு சொன்னது. வெளிச்சம் அவரைக் கேட்காமலே அங்கே போய் விழுந்தது.

ஒரு முன்கை. ஆற்றில் ஊறி வெளுத்த தோல். கைத்தடி மொத்தத்துக்குப் புடைத்த நரம்பு. நீல டியூபின் மறுமுனை அதில் இறங்கியிருந்தது. அங்கிருந்துதான் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவருக்குள்.

கிளிப். டியூபில் ஒரு கிளிப் இருக்கும். அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நின்றால் போதும், கடைசிப் பரிசோதனை, தீபாவளி, சூட்கேஸ், இளவேனில். செல்போனைப் போட்டுவிட்டு வலது கையால் துழாவினார். டியூப் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக். கிளிப்.

அதன் மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

சில்லென்று. ஈரமாக. கிளிப் மூடாதபடி பிடித்துக்கொண்டு.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா? பம்ப் ஓடுதா சார்?" கட்டிலுக்குக் கீழே விழுந்த செல்போன் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சம் கீழிருந்து மேலே அடித்தது.

அவள் பம்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டியூப் இறங்கிய கை அவர் விரல்களின் மேல். இன்னொரு கை கைப்பிடியில். சுற்றிக்கொண்டே குனிந்து, தன் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து செம்மண் தண்ணீர் சொட்டியது. முகத்தில் கோபம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வருவதைக் கேட்கிறவளின் முகம். கைக்குள் இரண்டு இரைச்சல்களும் ஒன்றையொன்று நெருங்கி, நெருங்கி, ஒன்றாகிவிட்டன.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அதான் மாத்திரை இருக்குல்லங்க," என்றாள். "சாப்பிடுங்க, சரியாயிடும்."

பம்பு சுற்றியது. கண்ணாடி வளையல் உரசியது.

"சரியானதும் சொல்லி அனுப்புங்க ஐயா. இப்ப போயிட்டு வரேன்."

சொன்னாளே தவிரப் போகவில்லை. கைப்பிடியை விடாமல், சிந்தாமல், சிதறாமல், டியூபில் இருந்தது முழுவதும் உள்ளே போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தாள்.